காந்தக் கவசம் இல்லாத வெள்ளிக்கு எப்படி இவ்வளவு காற்று?

எபிசோடில் பேசினதைப் படிக்க வசதியா கொஞ்சம் திருத்தி, திரும்பத் திரும்ப வந்த இடங்களை வெட்டிக் கொடுத்திருக்கோம்.

"செவ்வாய்க்கு ஏன் காற்று இல்லை?"ன்னு யாரைக் கேட்டாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். ஒரு காலத்தில் செவ்வாய்க்குக் காந்தப்புலம் இருந்துச்சு. உள்ளே இருந்த டைனமோ நின்னு போச்சு, காந்தக் கவசமும் போச்சு. கவசம் போனதும் சூரியக் காற்று வந்து வளிமண்டலத்தை அப்படியே அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பூமிக்குக் கவசம் இருக்கு, அதனால நாம தப்பிச்சோம். கதை கச்சிதமா இருக்கு இல்லையா?

இப்போ வெள்ளியைப் பாருங்க. சூரியனுக்கு நம்மைவிடப் பக்கத்தில் இருக்கு. தனக்குன்னு ஒரு காந்தப்புலம் கிடையாது. நம்ம கதைப்படி வெள்ளி இன்னேரம் மொட்டைப் பாறையா இருந்திருக்கணும். ஆனா அதன் தரையில் காற்றழுத்தம் பூமியில் இருப்பதைப் போல 90 மடங்குக்கும் மேல. அந்தக் காற்றில் 96 சதவீதத்துக்கு மேல கார்பன் டை ஆக்சைடு. செவ்வாயிலோ பூமியின் அழுத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை.

ரெண்டுக்கும் கவசம் இல்லை. ஒண்ணு காற்றில் மூழ்கிக் கிடக்கு, இன்னொண்ணு கிட்டத்தட்ட காலி. அப்போ "கவசம் போனா காற்று போகும்" என்ற கதையில் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கு. இன்னைக்கு அந்த வரியைத்தான் தேடப் போறோம்.

சூரியக் காற்று: பேர் காற்று, ஆள் வேற

முதல்ல குற்றவாளின்னு சொல்லப்படுறவரைப் பார்ப்போம். சூரியக் காற்று என்பது சூரியனின் வெளி மண்டலத்தில் இருந்து எல்லாத் திசையிலும் நிக்காம ஓடி வர்ற பிளாஸ்மா. பெரும்பாலும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும், கொஞ்சம் ஹீலியம் அயனிகளும். வேகம் சாதாரணமா நொடிக்கு 400 கிலோமீட்டர். பூமியில் இருந்து நிலாவுக்கு உள்ள தூரத்தை 16 நிமிஷத்தில் கடந்துடும்.

வேகம் பயங்கரம்தான், ஆனா ஆள் ரொம்ப ஒல்லி. பூமிக்குப் பக்கத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு சராசரியா ஒரு அஞ்சு புரோட்டான்தான் இருக்கும். நாம மூச்சு விடுற காற்றில் அதே இடத்தில் கோடி கோடிக்கணக்கான மூலக்கூறுகள் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கு. அதனால "சூரியக் காற்று ஊதித் தள்ளிடுச்சு"ன்னு சொல்லும்போது, மேசை மேல இருக்கற தூசியை ஊதித் தள்ளுற படம் மனசில் வந்தா, முதல்ல அதை அழிச்சுடுங்க.

இந்தக் காற்றுக்கு ஒரு முக்கியமான குணம் உண்டு. அது சூரியனின் காந்தப்புலத்தையும் கூடவே சுமந்துக்கிட்டு வரும். பிளாஸ்மா நல்ல மின்கடத்தி. அதனால காந்தக் கோடுகளும் பிளாஸ்மாவும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒண்ணாவே நகரும். பூமி தூரத்தில் அந்தப் புலம் ஒரு 5 நானோடெஸ்லா. பூமியின் தரையில் காந்தப்புலம் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரைக்கும் போகும். ஒப்பிட்டா இந்த 5 ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். ஆனா இன்னைக்குக் கதையில் ஹீரோவே இதுதான், ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்படி ஒரு காற்று இருக்கணும்னு 1958இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் யூஜின் பார்க்கர். அதுக்கு முன்னாடியே, வால்மீன்களின் ஒரு வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமா நீள்றதைப் பார்த்து, ஏதோ ஒண்ணு அதைத் தள்ளுதுன்னு லுட்விக் பீர்மன் சொல்லியிருந்தார். பார்க்கரின் கட்டுரையைப் படிச்ச ரெண்டு மதிப்பீட்டாளர்களும் "இது வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. அந்த ஆய்விதழின் ஆசிரியர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் படிச்ச நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கே இந்த யோசனையில் சந்தேகம் இருந்துச்சு. ஆனா கணிதத்தில் தப்பு எதுவும் இல்லைன்னு பார்த்து, மதிப்பீட்டாளர்களை மீறிப் பிரசுரிச்சார். நாலு வருஷத்தில், 1962இல், வெள்ளிக்குப் போன மரைனர் 2 விண்கலம் வழி நெடுக அந்தக் காற்றை அளந்துக்கிட்டே போச்சு. வெள்ளியைத் தாண்டும்போது அங்கே காந்தப்புலம் எதுவும் தட்டுப்படலைன்னும் சொல்லுச்சு. நம்ம புதிரின் ரெண்டு பாதியும் ஒரே பயணத்தில் கிடைச்சது.

மூணு வீட்டில் மூணு விதமான வரவேற்பு

சூரியக் காற்று எதிரே வர்ற பொருளைப் பொறுத்து அதன் கதி மாறும்.

முதல் வீடு நிலா. பெரிய காந்தப்புலமும் இல்லை, காற்றும் இல்லை. சூரியக் காற்று நேரா வந்து தரையில் மோதும். அப்போலோ 11இல் போனவங்க நிலாவில் ஒரு அலுமினியத் தகட்டை 77 நிமிஷம் விரிச்சு வெச்சு, சூரியக் காற்றின் துகள்களை அதில் பிடிச்சுச் சுருட்டி எடுத்துட்டு வந்தாங்க. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தின் சோதனை அது. தூண்டில் போட்டு மீன் பிடிக்கற அளவுக்கு எளிமையான ஐடியா.

அப்புறம் நம்ம சந்திரயான் 1. அதில் 'சாரா'ன்னு ஒரு கருவி போச்சு. ஸ்வீடனின் விண்வெளி இயற்பியல் நிறுவனமும் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையமும் சேர்ந்து செஞ்சது. நிலாவின் தரை மேல விழுற புரோட்டான்களை மண் முழுசா உறிஞ்சிடும்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. சாரா பார்த்தப்ப, அதில் 20 சதவீதம் வரைக்கும் ஹைட்ரஜன் அணுக்களா மாறித் திரும்பத் தெறிக்குதுன்னு தெரிய வந்துச்சு. அதே கருவி, நிலாவின் பாறையில் காந்தத்தன்மை இருக்கற ஒரு சின்னப் பகுதிக்கு மேல சூரியக் காற்று விலகிப் போறதையும் படம் பிடிச்சது. குட்டியூண்டு காந்தக் குடை.

ரெண்டாவது வீடு பூமி. இங்கே காந்தப்புலமே வாசல்ல நின்னு தடுக்குது. பூமியின் ஆரத்தைப் போல பத்து மடங்கு தூரத்தில், அதாவது 60,000 கிலோமீட்டருக்கு அப்பாலேயே, சூரியக் காற்று விலகிப் போக ஆரம்பிச்சுடும். காற்று மண்டலம் வரைக்கும் வர்றதே இல்லை.

மூணாவது வகை வீடுதான் வெள்ளியும் செவ்வாயும். காந்தப்புலம் இல்லை, ஆனா காற்று இருக்கு. பாதுகாப்பே இல்லாம சூரியக் காற்று நேரா உள்ளே புகுந்துடும்னு நினைப்போம். ஆனா விண்கலங்கள் போய்ப் பார்த்தா, ரெண்டு இடத்திலும் அது கோளைத் தொடுறதுக்கு முன்னாலேயே வேகம் குறைஞ்சு, சூடாகி, ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போகுது. கப்பலின் முன்னால தண்ணி வில் மாதிரி வளைஞ்சு எழும்புமே, அந்த மாதிரி ஒரு அதிர்ச்சி அலை கோளுக்கு முன்னால நிக்குது. செவ்வாயில் அது தரையில் இருந்து வெறும் 2,000 கிலோமீட்டர் உயரத்தில்.

கவசம் இல்லாத கோளுக்கு முன்னால கவசம் இருக்கற மாதிரி ஒரு அலை. இதை யார் செஞ்சது?

இண்டக்‌ஷன் அடுப்பும் மண் சட்டியும்

இதுக்கு வீட்டில் இருக்கற இண்டக்‌ஷன் அடுப்பே போதும். கண்ணாடிக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள். அதில் காந்தப்புலம் மாறிக்கிட்டே இருக்கும். மேல தோதான உலோகப் பாத்திரம் வெச்சா, பாத்திரத்தின் அடியில் மின்னோட்டம் சுழல ஆரம்பிக்கும், பாத்திரம் சூடாகும். மண் சட்டியை வெச்சா? ஒண்ணும் நடக்காது. மின்சாரம் ஓட அதில் வழி இல்லை.

இப்போ பிளஸ் டூ இயற்பியலில் படிச்ச லென்ஸ் விதியைக் கொஞ்சம் தூசி தட்டுங்க. மாறுற காந்தப்புலத்தால ஒரு கடத்தியில் மின்னோட்டம் உண்டாச்சுன்னா, அந்த மின்னோட்டம் உண்டாக்குற புலம் அந்த மாற்றத்தை எதிர்த்துதான் நிக்கும்.

இதை அப்படியே விண்வெளிக்குக் கொண்டு போங்க. கம்பிச் சுருளின் வேலையை, காந்தப்புலத்தைச் சுமந்துக்கிட்டு ஓடி வர்ற சூரியக் காற்று செய்யுது. பாத்திரத்தின் வேலையை யார் செய்யறது? கோளின் மேல் வளிமண்டலம்தான். சூரியனின் புற ஊதா ஒளி அங்கே இருக்கற அணுக்களில் இருந்து எலக்ட்ரான்களைப் பிய்ச்சு எறியும். அதனால அங்கே அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த ஒரு அடுக்கு உருவாகும். அதுக்குப் பேர் அயனி மண்டலம். மின்சாரம் அதில் நல்லாவே ஓடும்.

சூரியக் காற்றின் காந்தக் கோடுகள் அந்த அடுக்குக்குள்ள நுழையப் பார்க்கும். உடனே அயனி மண்டலத்தில் மின்னோட்டம் கிளம்பி "உள்ளே வராதே"ன்னு எதிர்க்கும். கோடுகள் முன்னால குவியும், நெருக்கமாகும், புலம் பலமாகும். ஓடி வர்ற ஆற்றில் குறுக்கா மிதந்து வர்ற ஒரு நீளக் கயிறு, பாலத்தின் தூணில் மாட்டினதா நினைச்சுப் பாருங்க. நடுப்பகுதி தூணைக் கட்டிப் பிடிச்சுக்கும், ரெண்டு முனையும் தண்ணி போற திசையில் இழுபடும். காந்தக் கோடுகளும் அப்படித்தான் கோளின் மேல போர்த்திக்கிட்டு, பின்னால நீளமான வாலா இழுபட்டு நிக்குது. வால்மீன்களின் வால் இப்படி உருவாகுதுன்னு ஹானஸ் ஆல்ஃப்வென் 1957இலேயே சொன்னார். வெள்ளியில் இதை 1978இல் போன பயனியர் வீனஸ் ஆர்பிட்டர் விரிவா அளந்தது.

விஷயம் இதுதான்: வெள்ளிக்குச் சொந்தக் கவசம் கிடையாது. சூரியக் காற்று கொண்டு வர்ற காந்தப்புலத்தையே எடுத்து, தன் காற்றை வெச்சுக் கவசம் செஞ்சுக்குது. நிலாவுக்குக் காற்று இல்லை, அதனால அது மண் சட்டி. காந்தக் கோடுகள் பெரும்பாலும் அதை ஊடுருவிப் போயிடும்.

இந்தக் கவசம் சூரியக் காற்றை நம்பித்தான் நிக்குது என்பதுக்கு ஒரு அழகான சாட்சி இருக்கு. 2022 டிசம்பர் கடைசியில், வேகமா வந்த ஒரு சூரியக் காற்று வீச்சு, தனக்கு முன்னால மெதுவா போயிட்டிருந்ததை வாரிக்கிட்டுப் போயிடுச்சு. பின்னால கிட்டத்தட்ட வெற்றிடம். அது செவ்வாயைத் தாண்டினப்போ சூரியக் காற்றின் அடர்த்தி சுமார் நூறில் ஒரு பங்கா விழுந்துச்சு. அந்த நேரத்தில் நாசாவின் மேவன் விண்கலம் செவ்வாயைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. அழுத்திக்கிட்டு இருந்த கை விலகினதும், செவ்வாயின் அயனி மண்டலமும் அதைச் சுத்தி இருந்த காந்தப் போர்வையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெளியே உப்பிடுச்சு. காற்று திரும்ப வந்ததும் மறுபடி சுருங்கிடுச்சு.

ஆனா ஓட்டை இருக்கு

கவசம் இருக்குன்னா செவ்வாயின் காற்று எப்படிப் போச்சு? இந்தக் கவசம் கோளுக்கு ரொம்ப ஒட்டி இருக்கு. காற்று மண்டலத்தின் வெளி ஓரத்தில் இருக்கற அணுக்கள் கவசத்துக்கு வெளியேயும் பரவி நிக்கும். அங்கேதான் கசிவு. மூணு வழியை மட்டும் சொல்றேன்.

முதல் வழி, தூக்கிக்கிட்டுப் போறது. வெளியே மிதக்கற ஒரு ஆக்சிஜன் அணு மேல புற ஊதா ஒளி படுது, எலக்ட்ரான் போயிடுது, அது அயனி ஆயிடுது. அயனி ஆன அந்த நொடியில் இருந்தே சூரியக் காற்றின் மின்புலமும் காந்தப்புலமும் அதைப் பிடிச்சுக்கும். பெரிய வட்டம் போட்டுச் சுழட்டி இழுத்துட்டுப் போகும். செவ்வாய்ப் பக்கத்தில் அந்த வட்டத்தின் ஆரத்தைக் கணக்குப் போட்டா 20,000 கிலோமீட்டருக்கு மேல வருது. செவ்வாயின் ஆரமே 3,390 கிலோமீட்டர்தான். கோளைவிட அதன் அயனி போடுற வட்டம் பெருசு. ஏறினா இறங்க முடியாத பஸ் அது.

ரெண்டாவது வழி, கேரம் போர்டு. இப்படித் தூக்கின அயனிகளில் சில, வட்டம் போட்டுத் திரும்பி வந்து வளிமண்டலத்திலேயே மோதும். ஸ்ட்ரைக்கர் வேகமா வந்து காய்களைச் சிதறடிக்கற மாதிரி, அங்கே இருக்கற மத்த அணுக்களை வெளியே தெறிக்க விடும். இதுக்குச் சரியான சாட்சி ஆர்கான் வாயு. ஆர்கான் எதோடயும் சேராது, பாறைக்குள்ள போய் ஒளியாது, கனமும் அதிகம். அது வெளியேறணும்னா இப்படித் தெறிச்சாத்தான் உண்டு. ஆர்கானில் 36, 38னு ரெண்டு ஐசோடோப்பு. லேசான 36 கொஞ்சம் மேல மிதக்கும், அதனால அதிகம் தெறிக்கும். செவ்வாயில் மிச்சம் இருக்கற விகிதத்தை அளந்து, ஆரம்பத்தில் இருந்த ஆர்கானில் மூணில் ரெண்டு பங்கு விண்வெளிக்குப் போயிடுச்சுன்னு மேவன் குழு 2017இல் கணக்குச் சொல்லுச்சு. லாக் ஃபைலைப் படிச்சு என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கற மாதிரிதான்.

மூணாவது வழியில் சூரியக் காற்றுக்கு வேலையே இல்லை. அதைத்தான் நம்ம பிரபலமான கதை விட்டுடுச்சு.

விட்டுப்போன வரி: 6.5 கிலோமீட்டர்

வெள்ளி, செவ்வாய் ரெண்டின் அயனி மண்டலத்திலும் முக்கியமான அயனி ஒண்ணுதான்: ரெண்டு ஆக்சிஜன் அணு சேர்ந்த மூலக்கூறு அயனி. அது ஒரு எலக்ட்ரானைச் சந்திச்சா, சேர்ந்த வேகத்தில் உடைஞ்சு ரெண்டு தனி ஆக்சிஜன் அணுவாப் பிரியும். அப்போ வெளிப்படுற ஆற்றல் ரெண்டு அணுவையும் எதிரெதிர்த் திசையில் எறியும். அதிகபட்ச வேகம் நொடிக்குச் சுமார் 6.5 கிலோமீட்டர். இந்த வேகத்தை முடிவு பண்றது ஆக்சிஜனின் வேதியியல். செவ்வாயா இருந்தாலும் வெள்ளியா இருந்தாலும் அதே எண்தான்.

இப்போ இன்னொரு எண். ஒரு கோளின் ஈர்ப்பில் இருந்து தப்பிக்கத் தேவையான வேகம், பள்ளியில் விடுபடு வேகம்னு படிச்சோமே அது, செவ்வாய்க்கு நொடிக்கு 5 கிலோமீட்டர். வெள்ளிக்கு 10.4 கிலோமீட்டர். பூமிக்கு 11.2.

6.5 என்பது 5ஐவிடப் பெருசு. 10.4ஐவிடச் சின்னது.

அவ்வளவுதாங்க. செவ்வாயில் அந்த அணு மேல் நோக்கி எறியப்பட்டா, திரும்ப வராது. வெள்ளியில் அதே அணு, அதே வேகம், மேல போகும், நிக்கும், திரும்பி விழும். மாடியில் இருந்து பந்தை மேல எறியற மாதிரி. காந்தப்புலம் என்ற வார்த்தையே இதில் வரலை. கோளின் எடை மட்டும்தான் பேசுது. செவ்வாயின் நிறை பூமியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. வெள்ளியின் நிறை பூமியில் 80 சதவீதத்துக்கு மேல.

டெவலப்பர்களுக்கு இது பழக்கமான சிக்கல். ஒரே ரிலீஸில் ரெண்டு மாற்றம் போட்டு, சைட் விழுந்துட்டா, எது காரணம்னு எப்படிச் சொல்வீங்க? பூமியையும் செவ்வாயையும் ஒப்பிட்டா ரெண்டு விஷயம் ஒரே சமயத்தில் மாறுது: காந்தப்புலமும் இல்லை, எடையும் இல்லை. பழியைக் காந்தப்புலத்து மேல போட்டுட்டோம். வெள்ளிதான் ஒரு மாற்றம் மட்டும் போட்ட டெஸ்ட். எடை பூமி மாதிரி, காந்தப்புலம் மட்டும் இல்லை. சைட் விழலை.

அதுக்காக வெள்ளி எதையுமே இழக்கலைன்னு சொல்ல முடியாது. வெள்ளியில் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கும் சாதாரண ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் பூமியில் இருப்பதைப் போல 100 மடங்குக்கும் அதிகம். லேசான ஹைட்ரஜன் பெரும்பாலும் போயிடுச்சு, கனமானது தங்கிடுச்சுன்னு அர்த்தம். வெள்ளியில் இருந்து வெளியேறுற அயனிகளை வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் எண்ணிப் பார்த்தப்போ, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட ரெண்டுக்கு ஒண்ணு. ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்: தண்ணீர்தான் துண்டு துண்டா வெளியே போகுது. வெள்ளி தண்ணியை இழந்துச்சு, ஆனா கனமான கார்பன் டை ஆக்சைடைக் கையில் வெச்சுக்கிச்சு. பூமியிலும் கிட்டத்தட்ட அதே அளவு கார்பன் டை ஆக்சைடு உண்டு. நம்மிடம் அது சுண்ணாம்புப் பாறையா தரைக்குள்ள பூட்டிக் கிடக்கு, அங்கே அது ஆகாயத்தில் நிக்குது.

கசிவு எவ்வளவு?

மேவன் 2014இல் செவ்வாய்க்குப் போச்சு. நம்ம மங்கள்யான் போய்ச் சேர்ந்த அதே வாரம். 2015இல் முதல் எண் வந்துச்சு: சூரியக் காற்று உரிச்சு எடுக்கற வாயு நொடிக்குச் சுமார் 100 கிராம். மின்னேற்றம் இல்லாத அணுக்களா தப்பிக்கற ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்தா மொத்தம் நொடிக்கு 2 முதல் 3 கிலோ. சூரியப் புயல் அடிக்கும்போது அயனி இழப்பு பல மடங்கு ஏறுது.

ஒரு கணக்குப் போடுவோம். செவ்வாயின் மொத்தக் காற்றின் எடை சுமார் 25,000,000,000,000 டன். நொடிக்கு இரண்டரைக் கிலோ போனா, முழுசும் தீர 30 கோடி வருஷம் ஆகும். இதையே திருப்பிப் பாருங்க. இன்றைய வேகத்தில் 400 கோடி வருஷம் கசிஞ்சிருந்தா, இப்போ இருக்கற காற்றைப் போல பன்னிரண்டு, பதிமூணு மடங்கு போயிருக்கும். அதுவும் பூமியின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்ளதான். ஆறு ஓடின செவ்வாய்க்கு இது போதாது. அப்போ இளம் சூரியன்தான் முக்கியம். அந்தக் காலத்தில் அதன் புற ஊதா ஒளியும் காற்றும் இன்னைக்குவிடப் பல மடங்கு பலம். அதையும் கணக்கில் சேர்த்து, பூமியின் காற்றழுத்தத்தில் 80 சதவீதம் அல்லது அதுக்கும் மேல ஒரு காற்று மண்டலம் செவ்வாயில் இருந்து போயிருக்கலாம்னு புரூஸ் ஜகோஸ்கி தலைமையிலான குழு 2018இல் எழுதுச்சு.

அப்போ சூரியக் காற்றுக்குப் பங்கு இருக்கு. நிச்சயமா இருக்கு. ஆனா அது தனியாள் இல்லை. எடை குறைவான கோள், முரட்டு இளம் சூரியன், காந்தப்புலம் அணைஞ்சது, மூணும் ஒரே காலத்தில் சேர்ந்துச்சு.

நேயர் கேள்விகள்

"அப்போ பூமியின் காந்தப்புலம் வேஸ்டா?"

இல்லை. சூரியக் காற்று நம்ம காற்றை நேரடியாத் தொடாம அது தடுக்குது. தாழ்வான சுற்றுப்பாதையில் இருக்கற விண்வெளி வீரர்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் கதிர்வீச்சில் இருந்து பாதுகாப்பு கொடுக்குது. ஆனா காற்றைப் பிடிச்சு வைக்குதா என்பது வேற கேள்வி. காந்தப்புலம் பெரிய குடை. பெரிய குடை மேல அதிக மழை விழும். அந்த ஆற்றலில் ஒரு பகுதி துருவங்களுக்குப் புனல் மாதிரி வந்து இறங்குது. துருவ ஒளியும் வருது, ஆக்சிஜன் அயனிகளும் அந்த வழியா வெளியே போகுது. இன்னைக்கு பூமி, வெள்ளி, செவ்வாய் மூணும் இழக்கற அயனிகளை ஒப்பிட்டா, பத்து மடங்கு முன்னப்பின்ன இருந்தாலும், ஒரே ரேஞ்சில்தான் இருக்கு. காந்தப்புலம் கோளின் காற்றைக் காப்பாத்தாதுன்னு தலைப்பிலேயே சொல்லி 2018இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. எல்லாரும் அதை ஒத்துக்கலை, சண்டை நடந்துக்கிட்டு இருக்கு. ஆனா "கவசம்" என்ற சொல் இனிமே தானா ஜெயிக்காது.

"செவ்வாய்க்குச் செயற்கைக் காந்தம் வெச்சா காற்று திரும்ப வருமா?"

2017இல் நாசாவின் ஜிம் கிரீன் இப்படி ஒரு யோசனையை முன்வெச்சார். செவ்வாய்க்கும் சூரியனுக்கும் நடுவில் ஒரு காந்தத்தை நிறுத்தி, செவ்வாயை அதன் நிழலில் வைக்கலாம்னு. கேட்க ஜோரா இருக்கு. ஆனா நாம போட்ட கணக்கை எடுத்துக்கோங்க. ஓட்டையை அடைச்சா நொடிக்கு ரெண்டு மூணு கிலோவில் ஒரு பகுதி மிச்சம். அந்த 6.5 கிலோமீட்டர் வேக ஆக்சிஜனை எந்தக் காந்தமும் நிறுத்தாது, அதுக்கு மின்னேற்றமே இல்லை. தொட்டி காலியான பிறகு குழாய்க்கு வாஷர் மாத்தின மாதிரிதான். தண்ணி வேணும்னா வேற எங்கேயாவது இருந்து கொண்டு வரணும்.

"காந்தம் இல்லாத செவ்வாயில் துருவ ஒளி தெரியுமா?"

தெரியும், அதுவும் துருவத்தில் மட்டும் இல்லை. பூமியில் காந்தப்புலம் துகள்களைத் துருவ வளையத்துக்குத் திருப்பி விடுது. செவ்வாயில் திருப்பி விட யாரும் இல்லாததால, சூரியப் புயல் வந்தா ஒளி கோள் முழுக்கப் பரவலாம். தென் பாதியில் பழைய காந்தப்புலம் பாறையில் உறைஞ்சு கிடக்கற இடங்களில் திட்டுத் திட்டாவும் ஒளி தோணும். அந்தப் பாறைக் காந்தத்தை 1997இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் கண்டுபிடிச்சது. 2024 மார்ச் 18 அன்னைக்கு பெர்சிவரன்ஸ் ரோவர், செவ்வாயின் தரையில் இருந்தே பச்சை நிற ஒளியைப் படம் பிடிச்சது. வேற ஒரு கோளின் தரையில் நின்னு துருவ ஒளியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசியா ஒண்ணு. இனிமே "வேற ஒரு நட்சத்திரத்தில் பூமி மாதிரி கோள், காந்தப்புலம் இருக்கறதால உயிர் வாழலாம்"னு ஒரு செய்தி வந்தா, ரெண்டு கேள்வி கேளுங்க. அந்தக் கோளின் எடை என்ன? அதன் சூரியன் எவ்வளவு முரடு? இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாம காந்தப்புலத்தை மட்டும் வெச்சு யாராவது தீர்ப்புச் சொன்னா, வெள்ளியைக் காட்டுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கேள்வி இருந்தா அனுப்புங்க.